முப்பத்திரண்டு எழுத்து

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், தகரக் கூரை ஷெட்.
மேசைமேல் நூற்றுப் பதினெட்டு டிரைவ்,
ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டில் பாதி கனம்.
ஏதோ ஒரு வங்கியின் ஆறு வருஷம்.

ஷெனாய் சார் கையில் படிவம்.
"எத்தனை நேரம் ஆகும்?"
"அழிக்க ஒரு நொடி, சார்.
எண்ணைத் தட்டத்தான் ரெண்டு நிமிஷம்."
பேனா நின்றது.
"தமாஷ் பண்ணாதம்மா. ஐநூறு ஜிபி."

எப்படிச் சொல்வது இவருக்கு.
இதற்குள் வந்த எதுவும்
வந்தபடி உள்ளே படுத்ததில்லை.
வாசலிலேயே ஒரு சில்லு
ஒவ்வோர் எழுத்தையும் பிடித்துக் கலைத்து
அப்புறம்தான் உள்ளே விட்டது.
பெட்டி பிரித்த நாளிலிருந்து
யாரும் கேட்காமலே
அது பாட்டுக்குப் பூட்டிக்கொண்டிருந்தது,
சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு.
கடவுச்சொல் வைப்பதென்பது
அந்தச் சாவியை எடுத்து
ஒரு டப்பாவில் போட்டு மூடுவது, அவ்வளவே.

சாவி எப்படி இருக்கும்?
செய்த கம்பெனிக்குத் தெரியாது,
வங்கிக்குத் தெரியாது, எனக்கும்.
கேட்டால் சொல்ல அதற்கு வாய் வைக்கவில்லை.
மாற்று என்று மட்டும் சொல்லலாம்.
மாற்றிக்கொள்ளும்.
அந்த நொடியில்
கடன் பாக்கி, கையெழுத்து, நாமினி பெயர்
எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்,
ஒரு புள்ளி நகராது.
ஸ்ரீராம்புரத்தில் எங்கள் காம்பவுண்டில்
பேச்சை விட்ட இரண்டு வீடு உண்டு.
அதே சுவர், அதே குழாய், அதே குடம்.
அப்படித்தான்.

"சத்தமே வரலியே" என்றார்.

ஸ்கேனர் நேற்றே படுத்துவிட்டது.
உருப்பெருக்கி வைத்து
லேபிளின் பொடி எழுத்தைப் படித்தேன்,
எட்டா, பி-யா, திரும்ப ஒருமுறை,
முப்பத்திரண்டும் தட்டினேன். பச்சை.
அடுத்தது. பச்சை.
மூன்றரை மணிக்குக் கரண்ட் போய் வந்தது. பச்சை.

அவருக்குத் தூள் வேண்டும், வீடியோ வேண்டும்.
குறை சொல்ல மாட்டேன்.
கொஞ்ச வருஷம் முன்பு சில டிரைவ்களில்
கடவுச்சொல்லும் சாவியும்
ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை என்று தெரியவந்தது.
முன்னால் காவலாளி,
பின்னால் சுவரே கட்டவில்லை.
அட்டையில் அச்சடித்ததை நம்பியவர்கள்
தலையில் கை வைத்தார்கள்.
ஆகவே சிக்கரங்கன் டிரில்லைச் செருகினான்.
ஏற்கெனவே வெறும் இரைச்சலாகிவிட்டதில்
ஓட்டை போட்டான், ஒன்றுக்கு ஒன்று.
சார் குனிந்து படமெடுத்தார்,
சட்டையில் விழுந்த தூளைத் தட்டாமல் வைத்துக்கொண்டார்.
பத்தாவதில் அலுத்தது.
இருபதில் போன் வந்தது. வெளியே போனார்.

நூற்றுப் பதினெட்டாவது.
லேபிள் இல்லை, யாரோ நகத்தால்
சும்மா இருந்தபோது சுரண்டியிருக்கிறார்கள்.
டப்பா மூடியிருந்தது, கடவுச்சொல் கேட்டது.
வங்கிக்குக் கூப்பிட்டேன்.
"அவர் இப்ப இல்லீங்க" என்றார்கள்.
வேலையிலா, எங்குமேயா,
நான் கேட்கவில்லை.

திறக்கவும் முடியாது இதை,
மறக்கடிக்கவும் முடியாது.
மற்றதெல்லாம் போய்விட்டது,
இதனுள் மட்டும்
சாவி உயிரோடு இருக்கிறது.
கையில் நிறுத்திப் பார்த்தேன். எடை அதேதான்.

"அக்கா, இதுக்குமா?" என்றான் சிக்கரங்கன்.
"இதுக்குத்தான்."

திருகாணி நான்கையும் கழற்றி
மெமரி இருக்கும் இடமெல்லாம் விரல் வைத்துக் காட்டினேன்.
ஐந்து ஓட்டை. ஆறாவது என் நிம்மதிக்கு.
சத்தம் மற்றதைப் போலவேதான் வந்தது.

ஷெட்டுக்கு வெளியே
முதுகு காட்டி நின்று ஷெனாய் சார்
யாரிடமோ கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்,
எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது என்று.

படிவத்தில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன்.
வரிசை எண் கேட்ட கட்டத்தில்
ஒரு கோடு.